துபாய் மணலில் ஒற்றை மரம், நம் வாசலில் கருகும் கன்று: தண்ணீர் இல்லாமல் செடி எப்படிப் பிழைக்கிறது?

பெரியபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: "துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு படம் அனுப்பினான். கண்ணுக்கு எட்டின வரை மணல். நடுவில் ஒரே ஒரு மரம், அதுவும் பச்சையாக. மழையே இல்லாத இடத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? இங்கே வாசலில் நான் வைத்த வேப்பங்கன்றுக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன், அது கருகிக்கொண்டே போகிறதே, ஏன்?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் அந்த மரம். அரபு நாடுகளில் அதைக் காஃப் என்பார்கள். நமக்கு அது அந்நியமில்லை, வன்னிதான். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிறதே, அதே வன்னி. ராஜஸ்தானில் கேஜ்ரி. தார் பாலைவனத்து விவசாயிகள் இதை வயலுக்கு நடுவிலேயே விட்டுவைத்து, அடியில் கம்பு விதைக்கிறார்கள். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜட்லி என்ற ஊரில் இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிரை விட்டதாக அந்த மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். பஹ்ரைன் பாலையில் தன்னந்தனியாக நிற்கும் 'உயிர் மரம்' ஒன்றை ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறார்கள். அதுவும் வன்னியே, வயது 400 இருக்கும் என்கிறார்கள்.

துபாயில் ஆண்டு முழுக்க 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிகம். ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி 800 மில்லிமீட்டருக்கு மேல். 250-க்குக் கீழே போனால் பாலைவனம் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் நம் ஊர் பாலைவனத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் நமக்கு வரும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிச்ச மாதங்களில் வெயிலும் மணலும் உப்புக்காற்றும்தான். செடிக்கு ஆண்டுச் சராசரி தெரியாது. இன்றைக்கு வேருக்கு எட்டுகிற ஈரம் எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் தை கடந்ததும் நம் கரையோரச் செடிகள், அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள செடிகள் செய்வதைத்தான் செய்கின்றன. மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை ஒரு நடை போனால் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

சரி, அடிப்படைச் சிக்கல் என்ன? செடி தண்ணீரைக் குடித்து வளர்கிறது என்று நினைக்கிறோம். குடிக்கிற தண்ணீரில் மிகப் பெரும்பங்கு செடிக்குள் தங்குவதே இல்லை. இலை வழியே ஆவியாகிப் போய்விடுகிறது. ஏன் இப்படி வீணாக்க வேண்டும்? செடி தன் உடம்பைக் கட்டுவது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொண்டு. காற்றில் அது பத்தாயிரத்தில் நான்கு பங்குதான். அவ்வளவு அரிதானதைப் பிடிக்க இலையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். திறந்தால் அதே துளை வழியே உள்ளிருக்கும் ஈரம் ஓடிவிடும். மூடினால் பட்டினி. நெல், வேம்பு போன்ற செடிகள் ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க 400 முதல் 500 கிராம் வரை தண்ணீரை இழக்கின்றன. வறண்ட நிலத்துச் செடிகளின் வித்தைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பேரத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கள்ளி வகைகள் கண்டுபிடித்த வழி. அவை பகலில் துளையைத் திறப்பதில்லை. ராத்திரியில், காற்று குளிர்ந்து ஈரம் ஏறிய பிறகு திறக்கின்றன. வெளிச்சம் இல்லாததால் அப்போது சமைக்க முடியாது. எனவே பிடித்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள்ளோ தண்டுக்குள்ளோ சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, சேர்த்த அமிலத்தைப் பிரித்து, வெயிலில் சமைத்துக்கொள்கின்றன. இந்த முறையில் ஒரு கிராமுக்கு 50 முதல் 100 கிராம் தண்ணீர் போதும். சப்பாத்திக்கள்ளி, கற்றாழை, வேலியில் படரும் பிரண்டையின் தண்டு, எல்லாம் இந்த வழிக்காரர்கள்.

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ரணகள்ளி பல வீடுகளில் தொட்டியில் இருக்கும். இலையைக் கிள்ளிப் போட்டால் ஓரத்தில் குட்டிக் குட்டியாக முளைவிடுமே, அந்தச் செடி. விடியற்காலையில் அதன் இலை நுனியைக் கடித்து, சுவை பார்த்துத் துப்பிவிடுங்கள். நல்ல புளிப்பு இருக்கும். அதே செடியில் பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொரு இலையைக் கடியுங்கள். புளிப்பு போய்ச் சப்பென்று இருக்கும். ராத்திரி சேர்த்த அமிலம் பகலில் செலவாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் காலச் சென்னை மாகாணத்தில் தாவரவியல் பணி செய்த பெஞ்சமின் ஹைன் என்பவர் இந்த ரணகள்ளி இலையைத்தான் வேளைக்கு வேளை சுவைத்துப் பார்த்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1815-இல் அது அச்சாயிற்று. உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு பெரிய விஷயத்தின் முதல் தடயங்களில் ஒன்று நம் மண்ணில் கிடைத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் ஒன்று: சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி, எருக்கு இவற்றின் பக்கம் இந்தச் சோதனையோடு போகாதீர்கள். அவற்றின் பால் வாயைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு சிக்கனத்துக்கு விலை உண்டு. இரவில் சேர்த்து வைக்க இருக்கும் இடம் கொஞ்சம்தான், அதனால் வளர்ச்சி ரொம்ப மெதுவு. அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்து சகுவாரோ கள்ளி நாற்பது அடி உயரத்துக்குப் போகும், 150 ஆண்டுக்கு மேல் வாழும். ஆனால் முதல் எட்டு ஆண்டுகளில் அது ஒன்றரை அங்குலத்துக்குள்தான் நிற்கும். அதன் தண்டு நெடுக மடிப்பு மடிப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. மழை பெய்ததும் மடிப்புகள் விரிந்து தண்டு பருத்துத் தண்ணீரை நிறைத்துக்கொள்ளும், வறட்சியில் மறுபடி சுருங்கும். வேரோ பெரும்பாலும் மண்ணுக்கு ஒரு சாண் ஆழத்துக்குள் அகலமாகப் பரவியிருக்கும். மேலாகப் பெய்யும் மழையைப் பிடிக்க அதுதான் தோது.

சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நாம் அதன் இலை என்று நினைப்பது தண்டு, இலை முள்ளாகிவிட்டது. ஒரு காலத்தில் தென்னாட்டு நிலங்களை அடைத்துக்கொண்டு கிடந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு மாவுப்பூச்சி இனம்தான் அதைப் பெருமளவு அழித்தது. எஞ்சியவை இன்னும் நம் கரை மணலில் ஆங்காங்கே நிற்கின்றன.

எல்லாச் செடியும் கள்ளி ஆக முடியாது. பகலிலேயே துளை திறக்கும் மரங்கள் வேறு விதமாகச் சமாளிக்கின்றன. உடைமரத்தைப் பாருங்கள், குடை விரித்த மாதிரி மேல்பக்கம் தட்டையாக, ஆட்டுக்காரர்கள் உச்சிப் பொழுதில் ஒதுங்கும் மரம். அதன் ஒரு சிற்றிலை அரிசியை விடச் சிறியது. பெரிய இலை வெயிலில் நின்றால் காற்றை விடப் பல டிகிரி சூடேறிவிடும். தண்ணீரை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். சின்ன இலையின் சூட்டை வீசுகிற காற்றே எடுத்துக்கொண்டு போய்விடும், தண்ணீர் செலவில்லை. வன்னிக்கும் கருவேலத்துக்கும் இலை பொடிப்பொடியாக இருப்பதில் இந்த லாபம் உண்டு.

எருக்கு இந்த விதிக்கு அடங்காதது போலத் தோன்றும். உள்ளங்கை அகல இலை, நட்ட நடுக் கோடையில் பூவும் பூக்கிறது. அதன் இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டும், அடியில் இலை கரும்பச்சையாகத் தெரியும். அந்த வெண்மை மெழுகும் நுண்ணிய ரோமமும் சேர்ந்தது. வெயிலில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பிவிடுகிறது, இலைத்தோல் வழியாக ஈரம் கசிவதையும் தடுக்கிறது. அப்புறம் வேர்: எருக்கைப் பிடுங்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது கீழே போய்க்கொண்டே இருக்கும்.

தம்பியின் படத்துக்கு உண்மையான பதில் அந்த வேரில்தான் இருக்கிறது. துபாய் வன்னி மழையை நம்பி நிற்கவில்லை, மணலுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் தண்ணீரை நம்பி நிற்கிறது. முப்பது மீட்டர் வரைகூட வன்னியின் வேர் இறங்கும் என்கிறார்கள். இது மிகையாகத் தோன்றினால் இன்னும் இரண்டு தகவல்: அமெரிக்காவின் அரிசோனாவில் டூசான் நகருக்கு அருகே சுரங்கம் தோண்டியபோது, வன்னிக்கும் சீமைக்கருவேலத்துக்கும் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் கலஹாரியில் கிணறு தோண்டியபோது போஸியா என்ற மரத்தின் வேர் 68 மீட்டரில் தட்டுப்பட்டது. மேலே பார்க்கும் மரம் சின்னதுதான். அதன் பெரும் உழைப்பு முழுக்கக் கீழே நடந்திருக்கிறது. விதை முளைத்த முதல் ஆண்டுகளில் இந்த மரங்கள் மேலே வளராமல் கீழேதான் வளரும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையைத் துரத்துகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அது தண்ணீர் எடுப்பது மண்ணிலிருந்து, வேரால். நம் கண்மாய்களையும் தரிசு நிலத்தையும் அது பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அமெரிக்க வறட்சி நிலத்தில் பழகிய அந்த வேரும், ஆடு மாடு தின்று சாணத்தில் பரப்பும் காயும்தான். அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் தவறான காரணம் சொல்லி அகற்றினால், அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதிலும் தவறிவிடுவோம்.

இனி மணல். மணலில் தண்ணீர் நிற்காது, அதனால் செடிக்கு ஆகாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். மழை நிறையப் பெய்யும் ஊருக்கு அது பொருந்தும். மழை குறைந்த இடத்தில் கதை தலைகீழ். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் மேல் மண்ணிலேயே தங்கி, இரண்டு நாள் வெயிலில் ஆவியாகிவிடும். அதே மழை கடற்கரை மணலில் விழுந்தால் சட்டென்று கீழே இறங்கிவிடும். மேலே காய்ந்த மணல் அதற்கு மூடியாகிவிடுகிறது. சித்திரை மாதத்தில் ஒரு மணல் மேட்டில் கையால் தோண்டிப் பாருங்கள். மேலே கால் வைக்க முடியாத சூடு. முழங்கை அளவு இறங்குவதற்குள் பல இடங்களில் மணல் குளிர்ந்து, நிறம் மாறி, பிடித்தால் பிடி நிற்கும். தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார்களே, அதுவும் இப்படி இறங்கிய மழைதான். நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். செடிகள் பிழைப்பது அந்தக் கசிவை வைத்துத்தான்.

அந்த ஈரத்தைத் தேடிப் போவதில் பனைக்கு இணை இல்லை. மற்ற விதைகள் முளைத்ததும் குருத்தை மேலே நீட்டும். பனங்கொட்டை அப்படிச் செய்யாது. கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு குழாய் புறப்பட்டு நேரே மண்ணுக்குள் இறங்கும். குருத்து இருப்பது அந்தக் குழாயின் நுனியில். போதுமான ஆழத்துக்குப் போன பிறகுதான் அங்கே கிழங்கு பருத்து, அதிலிருந்து இலை மேல்நோக்கி வரும். ஆக, பனங்கன்றின் உயிர் மண்ணுக்கு வெகு கீழே, சூடும் ஆடும் தீயும் எட்டாத இடத்தில் பத்திரமாக இருக்கிறது. மேலே உள்ள இலை கருகினாலும் அது சாகாது. கொட்டையை உடைத்தால் கிடைக்கும் தவுண், குழந்தைகள் சண்டை போட்டுத் தின்பது, அதுதான் கொட்டையில் இருக்கும் சாப்பாட்டை உறிஞ்சிக் கீழே அனுப்பும் உறுப்பு. நாம் மணலைக் குவித்துப் பாத்தி போடுவது, கிழங்கு கடினத்தரைக்குள் போகாமல் பொலபொலத்த மணலுக்குள்ளேயே பருக்க வேண்டும், தையில் சுலபமாகப் பிடுங்க வேண்டும் என்பதற்காக. பொங்கலுக்கு அவித்துத் தின்னும் கிழங்கு, ஒரு மரம் தன் முதல் கோடையைத் தாண்டுவதற்காகச் செய்த ஏற்பாடு.

நம் கரையில் வறட்சியோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதல்லவா, உப்பு மண்ணில் நிற்கும் வேருக்கும் அதுதான் நடக்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தாகம். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் உமரி, மண்ணில் உள்ள உப்பை விட அதிக உப்பைத் தன் இலைச் செல்களுக்குள் ஒரு தனிப் பையில் அடைத்து வைத்துக்கொள்கிறது. உள்ளே உப்பு அதிகம், எனவே தண்ணீர் உள்ளே வருகிறது. அதனால்தான் அதன் இலை உருண்டு தடித்திருக்கிறது. காரங்காட்டுச் சதுப்பில் நிற்கும் அலையாத்தி மரத்துக்கு வேறு வழி: அது உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

தனுஷ்கோடிச் சாலைக்கு இரண்டு பக்கமும் மணலைப் பிடித்துக்கொண்டிருப்பவை அடம்பும் இராவணன் மீசையும். அடம்பங்கொடி போகிற வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர்விடும். காற்று மணலை வாரி மூடினால் மூடிய இடத்திலிருந்தே மறுபடி கிளம்பும். இவற்றை வெட்டிச் சுத்தம் செய்தால் மணல் மேடு சும்மா இருக்காது, நகர ஆரம்பிக்கும்.

இன்னும் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. உலகத்துப் பாலைவனங்களில் எத்தனையோ செடி இனங்களுக்கு அதுதான் வாழ்க்கை. வறட்சியைத் தாங்குவதே இல்லை, விதையாக இருந்து கடத்திவிடுகின்றன. பல விதைகளின் தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கும். சிறு தூறலுக்கு அது கரையாது. முளைத்துப் பூத்துக் காய்க்கப் போதுமான மழை பெய்தால்தான் கழுவிப் போகும். கலிஃபோர்னியப் பாலைச் செடிகளை ஆராய்ந்த ஃப்ரிட்ஸ் வென்ட், அரை அங்குலமாவது பெய்யாமல் அவை அசையவில்லை என்று கண்டார். சிலி நாட்டு அட்டகாமா, உலகிலேயே வறண்ட பாலைவனங்களில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே மழை தப்பிப் பெய்யும்போது கண்ணுக்கெட்டிய வரை பூவாகிவிடும்.

நம் காலில் குத்தும் நெருஞ்சி இதில் இன்னும் கெட்டிக்காரச் செடி. ஒரு முள் துண்டுக்குள் இரண்டு மூன்று விதைகள் இருக்கும். எல்லாம் ஒரே மழைக்கு முளைக்காது. பெரியது முதலில், மற்றவை அப்புறம், சில சமயம் அடுத்தடுத்த ஆண்டுகளில். முதல் மழையை நம்பி முளைத்தது காய்ந்துபோனாலும் வம்சம் அழியாது. ஐப்பசியில் முதல் பெருமழைக்குப் பிறகு பொட்டலாகக் கிடந்த இடம் ஒரு வாரத்தில் பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சை எங்கிருந்தும் வரவில்லை, காலடியில் காத்துக் கிடந்ததுதான்.

நமீபியாவின் வெல்விட்சியா, வாழ்நாள் முழுக்க இரண்டே இலையோடு ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருப்பது, தனியாகவே எழுத வேண்டிய செடி, இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் வேப்பங்கன்று. தினமும் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் பெரும்பாலும் சிக்கல். அந்தத் தண்ணீர் மேலே நான்கு விரல்கட்டை மட்டும் நனைக்கிறது. ஈரம் மேலேயே கிடைப்பதால் வேரும் மேலேயே தங்கிவிடுகிறது. உச்சி வெயிலில் சூடேறுவதும் அந்த மேல் மண்தான். அடுத்து, ஊற்றுகிற தண்ணீரை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரித்தால், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் நாளுக்கு நாள் சேர்கிறது என்று பொருள். இலையின் விளிம்பும் நுனியும் முதலில் கருகி, நடுவில் பச்சை இருந்தால் அது பெரும்பாலும் உப்பின் வேலை.

வாரத்துக்கு இரண்டு முறை, சாயங்காலத்தில், ஒரு குடத்தை மெதுவாக முழுக்க ஊற்றி ஆழமாக இறங்க விடுங்கள். ஒரு மாதம் கழித்து வாரத்துக்கு ஒரு முறையாகக் குறையுங்கள். மேலோட்டமான ஊற்றுத் தண்ணீர் பக்கத்தில் கிடைத்தால் ஆழ்துளைத் தண்ணீரை விட அது நல்லது. தூரைச் சுற்றிச் சருகும் பழைய பனையோலையும் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். கடல் பக்கம் ஓலைத்தட்டி ஒன்று சாய்த்து வையுங்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை அந்தப் பாத்தியில் விழ விட்டால் சேர்ந்த உப்பு கீழே இறங்கிவிடும்.

இவ்வளவுக்கும் அது பிழைக்காவிட்டால் அதே குழியில் வன்னியோ உடையோ வையுங்கள். பையில் வளர்த்த பழைய கன்று வாங்காதீர்கள்; ஆணிவேர் பையின் அடியில் சுருண்டு, பிறகு நேரே இறங்கத் தெரியாமல் நிற்கும். விதையாகவே ஊன்றுங்கள். தோல் கெட்டி என்பதால் சுடுதண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்து, புரட்டாசிக் கடைசியில் குழிக்கு மூன்று விதை போடுங்கள். மேலே ஒரு சாண்கூட வளரவில்லையே என்று முதல் ஆண்டில் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். ஆடு மட்டும் வாய் வைக்காமல் முள் வேலி கட்டிவிடுங்கள்.